கை இருக்கும் இடம்

பர்மா பஜாரில் அரை நாள் பேரம் பேசி
மூவாயிரத்து இருநூறுக்கு அப்பா வாங்கிவந்த பெட்டியில்
எல்லாம் இருந்தது,
டிவி மேல் வைக்கிற குச்சி மட்டும் இல்லை.
அது இல்லாமல்
நம் கை எங்கே இருக்கிறதென்று பெட்டிக்குத் தெரியாதாம்.
"மறுக்கா வா, பாத்துக்லாம்" என்றிருக்கிறான்.
மறுக்கா போனபோது கடை இருந்தது,
அவன் இல்லை.

ரெண்டு மெழுகுவர்த்தி போதும் என்றாள் ரோஸ்லின்.
யாரோ சொன்னார்களாம்.
அம்மா நம்பவில்லை. ஆனாலும்
கோயிலுக்கென்று வாங்கிவைத்த கட்டிலிருந்து
இரண்டை உருவிக் கொடுத்தாள்.
"மாதா கோச்சுக்க மாட்டா. வூட்ட மட்டும் கொளுத்திராத."

முதுகு பெருத்த கவர்ன்மென்ட் டிவியின் தலையில்
இரண்டு சுடர்.
திரையில் ஒரு வெள்ளைக் கை
தூக்கம் கலைந்து எழுந்து
எங்களைத் தேடி வந்தது.

ஆறடி தள்ளி நிற்க வேண்டும்.
காசிமேடு ஹவுசிங் போர்டில் ஆறடி
சும்மா கிடைக்காது.
கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தோம்.
அரிசி டிரம் வராண்டாவுக்குப் போனது.
அப்போதும் போதாமல்
சர்வ் போடுகிறவர் வாசலுக்கு வெளியே நின்றார்.
மூன்றாம் மாடிக்காரர்கள்
அப்பாவின் வீச்சுக்குக் குனிந்து
குனிந்து
மேலே ஏறினார்கள்.

குத்துச்சண்டையும் இருந்தது.
எங்கள் ஏரியா என்றால் அதைத்தான் எதிர்பார்ப்பீர்கள்.
நாங்கள் டென்னிஸ் ஆடினோம்.

ஹார்பர் கேட்டில் கண்டெய்னரோடு
மூன்று நாள் வரிசையில் உட்கார்ந்தே இருந்த அப்பா
அத்தனையையும் சேர்த்துவைத்துக் குதித்தார்.
ஃபேன் போடக் கூடாது, சுடர் அணையும்.
அணைந்தால் கை காணாமல் போகும்.
மே மாதம்.
பனியனைப் பிழிந்தால் ஒரு சொம்பு தேறும்.

இன்னாசி சித்தப்பாவுக்கு
போட் வின்ச்சில் போனது இரண்டு விரல்.
அவர் பொம்மைக்கு விரலே கிடையாது,
காற்றில் மிதக்கும் உருண்டைதான் கை.
எல்லார் பொம்மையையும் ஒரு முறை சரிபார்த்துவிட்டு
"அல்லாருக்கும் ஒரே மாரி வெச்சிக்கிறான்"
என்றார், திருப்தியாக.

அம்மா எழுந்திருக்கவே இல்லை.
கை நாறுகிறதென்று
ரிமோட்டைப் பால் கவருக்குள் போட்டுப் பிடித்து,
முக்காலியில் உட்கார்ந்தபடி
நெத்திலித் தலை கிள்ளுகிற அளவுக்கு
மணிக்கட்டை ஒரு சுண்டு.
அவ்வளவுதான்.
அப்பா அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பாய்ந்து
டிரம்மில் முட்டிக்கொண்டு தோற்றார்.
"இது போங்கு" என்றார்.
"இன்னொரு ஆட்டம்" என்றார்.

பத்தாம் நாளோ என்னவோ
ஆட்டத்தின் நடுவே ஒரு சுடர் அணைந்தது,
அடுத்ததும்.
அம்மாவின் பந்து பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.
கை காட்டித் தேர்ந்தெடுக்கத்தான் வெளிச்சம் வேண்டும்,
அடிப்பதற்கு வேண்டாம் என்று
அப்போதுதான் தெரிந்தது.
ஒருவரும் எதுவும் பேசவில்லை.
சித்தப்பா மட்டும் எழுந்துபோய்
ஃபேனை ஐந்தில் வைத்தார்.

கீழ்வீட்டு தேவநேசன்
துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டியதும்
அடுத்த ஞாயிறு அவரே பௌலிங்குக்கு வந்து
எங்கள் எல்லாரையும் தோற்கடித்ததும்
இங்கே வேண்டாம். அவர் ரொம்பப் பேசுவார்.

கப்பலில் இருக்கிற அண்ணனுக்கும் ஒரு பொம்மை செய்தோம்.
மூக்கு சரியாக வரவில்லை.
பேஸ்பால் ஆடும்போது பார்த்தால்
தூரத்தில், புல் முடிகிற இடத்தில்,
யாரும் கூப்பிடாமலே அவன் நிற்கிறான்.
அப்பா பந்து போட, எதிராளி தூக்கி அடித்தான்.
நேராக அண்ணனிடம்.
விட்டுவிட்டான்.

அம்மா முக்காலியிலிருந்து எழுந்தது
அன்றைக்கு ஒரு முறைதான்.

அப்பா போனை எடுத்தார்.
புஜைராவில் என்ன மணியோ.
"ஏன்டா அந்தோணி, ஏன்டா கேட்ச்ச வுட்ட?"

கடல் இரைச்சல் கொஞ்சம் வந்தது.
பிறகு, தூக்கக் குரலில்,
"எத நைனா?"